இருவரும் ஒரு பாய்மரமும்: தீவுக்குத் தீவு எப்படிப் போகிறார்கள்?

கரீபியன் கடலில் கணவனும் மனைவியுமாக இரண்டே பேர், சொந்தப் பாய்மரப் படகில் தீவு தீவாகப் போய் மாதக்கணக்கில் வாழ்கிறார்கள். அவர்கள் எடுத்துப் போடும் காணொளிகளை மதுரையில் உட்கார்ந்து பார்க்கிறவர்களும் இப்போது நிறையப் பேர். பார்த்து முடித்ததும் வரும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். இரவில் யார் ஓட்டுவது? காற்று எதிரே அடித்தால் எப்படிப் போவது? குடிக்கத் தண்ணீர் எங்கே? படகு கவிழாதா? எல்லாவற்றுக்கும் மேலாக, நம் ராமேசுவரத்திலிருந்து அப்படிப் போக முடியுமா? கடலை எப்போதாவது பார்க்கிற ஊர்க்காரர்களுக்காக இந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் படகு. இருவர் கையாளும் பாய்மரப் படகு பெரும்பாலும் 35 முதல் 45 அடி நீளம் இருக்கும். உள்ளே ஒரு சின்ன அடுப்படி, படுக்கை அறை, கழிவறை, வரைபட மேசை. உடல் பெரும்பாலும் கண்ணாடி இழையால் ஆனது. தண்ணீருக்கு மேலே தெரியும் பாகத்தைவிட முக்கியமானது கீழே தெரியாமல் இருக்கும் பாகம். படகின் அடியில் ஈயத்தாலோ இரும்பாலோ ஆன கனமான துடுப்பு போன்ற அமைப்பு ஒன்று கீழ்நோக்கி நீண்டிருக்கும். படகின் மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்குகூட அதில் இருக்கலாம். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையை எப்படிச் சாய்த்தாலும் எழுந்து நிற்பதைப் போல, காற்று பாயைத் தள்ளிப் படகைச் சாய்த்தாலும் இந்த அடிப்பாரம் அதை நிமிர்த்திவிடும். அதனால்தான் படகு பயமுறுத்தும்படி சாய்ந்து ஓடும்போதும் உள்ளே ஒருவர் தேநீர் போட்டுக்கொண்டிருக்க முடிகிறது.

இதே வேலைக்கு நம் பாக் நீரிணைப் பக்கம் வேறொரு வழி இருந்தது. அதிராம்பட்டினம், முத்துப்பேட்டைப் பக்கத்தில் வத்தை என்று சொல்லும் பாய்மரப் படகுகளில் ஈயப் பாரம் கிடையாது. ஆழமில்லாத கடலில் அடிப்பாரம் தரை தட்டும். அதனால் படகின் குறுக்கே ஒரு நீண்ட பலகையைப் போட்டு, காற்று வரும் பக்கம் அதன் நுனிவரை ஆட்கள் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். காற்று கூடக்கூட ஆள் இன்னும் வெளியே நகர்வார். மனித உடம்பே எடைக்கல். இந்த வத்தைகளை ஆராய்ந்து எழுதிவைத்தவர் சென்னை மாகாணத்தில் மீன்துறை அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல். இடத்துக்கும் ஆழத்துக்கும் தக்கபடி இவ்வளவு கச்சிதமாக யோசித்த ஒரு கைவேலை கண்முன்னே மறைந்துகொண்டிருப்பது வேதனையான விஷயம்.

அடுத்தது, காற்றுக்கு எதிரே எப்படிப் போவது என்பது. பாய் என்றால் காற்று பின்னாலிருந்து தள்ளுவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பின்காற்றில் போவது பாயின் வேலைகளில் ஒன்றுதான். விறைப்பாக இழுத்துக் கட்டிய பாய் விமானத்தின் இறக்கை வடிவில் வளைந்து நிற்கிறது. அதன் இரு பக்கமும் காற்று வழுக்கி ஓடும்போது அழுத்த வேறுபாடு உண்டாகி, படகைப் பக்கவாட்டிலும் கொஞ்சம் முன்னாலும் இழுக்கிறது. பக்கவாட்டு இழுப்பை அடிப்பாரம் தண்ணீரில் தடுத்துவிடுகிறது. மிஞ்சுவது முன்னோக்கிய ஓட்டம். நேர் எதிர்க்காற்றில் எந்தப் பாய்மரமும் போகாது. ஆனால் காற்று வரும் திசைக்குச் சுமார் 45 டிகிரி விலகிப் போக முடியும். இடப்பக்கம் கொஞ்சம், திரும்பி வலப்பக்கம் கொஞ்சம் என்று வளைந்து வளைந்து போனால் காற்று பிறக்கும் திசையிலிருக்கும் ஊரையும் எட்டிவிடலாம். தூரமும் நேரமும் பெருகும். உடம்பு களைக்கும். ஆகவே அனுபவசாலிகள் எதிர்க்காற்றோடு மல்லுக்கட்டுவதில்லை. காற்று திரும்பட்டும் என்று துறையில் காத்திருக்கிறார்கள். படகு வாழ்க்கையில் பாதி இந்தக் காத்திருப்புதான். துணிச்சலைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்குத் தெரிந்தவரை கடலில் உயிரைக் காப்பது பொறுமை.

கரீபியன் கடல் இப்படிப் படகில் வாழும் தம்பதிகளின் இடமாக ஆனதற்குக் காரணம் அங்கே காற்றும் தீவுகளும் ஒன்றுக்கொன்று பொருந்தி அமைந்ததுதான். தெற்கே கிரெனடாவில் தொடங்கி செயின்ட் வின்சென்ட், செயின்ட் லூசியா, மார்த்தினிக், டொமினிக்கா, குவாதலூப், ஆன்டிகுவா என்று வடக்கே ஒரு வில்லாகத் தீவுகள் வளைந்து போகின்றன. அட்லாண்டிக்கைத் தாண்டி வரும் வணிகக் காற்று வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் கிழக்கிலிருந்தோ வடகிழக்கிலிருந்தோ ஒரே சீராக வீசுகிறது. தீவுகள் வடக்குத் தெற்காகவும் காற்று கிழக்கு மேற்காகவும் இருப்பதால், தெற்கே போனாலும் வடக்கே போனாலும் காற்று பக்கவாட்டில் கிடைக்கிறது. பாய்மரத்துக்கு மிகவும் பிடித்த காற்று அதுதான். ஒரு தீவிலிருந்து அடுத்த தீவு பல இடங்களில் 20, 30 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.85 கிலோமீட்டர். படகின் வேகம் மணிக்கு 5, 6 கடல் மைல், அதாவது சுமார் 10 கிலோமீட்டர். விடியலில் கிளம்பினால் மதியம் கடந்ததும் அடுத்த நாட்டில் நங்கூரம் போட்டுவிடலாம். பெரும்பாலும் ஒரு கரை மறையும் முன்பே அடுத்த கரை தெரிந்துவிடும்.

சுலபம் என்று எண்ணிவிடக் கூடாது. உயர்ந்த எரிமலைத் தீவுகளின் மேற்குப் பக்கத்தில் மலை காற்றை மறைத்துவிடும். படகு அசையாமல் நிற்கும். தீவின் முனையைத் தாண்டியதும் இரண்டு தீவுகளுக்கு இடையிலான வாயில் காற்று குவிந்து, அலையோடு சேர்ந்து ஒரே அறையாக அறையும். அந்த முனைக்கு வருவதற்கு முன்பே பாயைச் சுருக்கி வைத்திருப்பவர்கள் தப்பிக்கிறார்கள். டிசம்பர், ஜனவரியில் கிறிஸ்துமஸ் காற்று என்று அங்கே சொல்லும் பலத்த காற்று வாரக்கணக்கில் அடிக்கும். ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலம். அப்போது படகுக்காரர்கள் தெற்கே இறங்கி கிரெனடா, டிரினிடாட் பக்கம் ஒதுங்குவது வழக்கம். காப்பீட்டு நிறுவனங்களும் அதைத்தான் கேட்கின்றன. அதுவும் உறுதியான அடைக்கலம் அல்ல. 2004 செப்டம்பரில் இவான் சூறாவளி கிரெனடாவையே தாக்கியது. 2024 ஜூலை 1ஆம் தேதி பெரில் சூறாவளி கிரெனடா நாட்டைச் சேர்ந்த கரியாகூ தீவின் மேல் ஏறிப் போனது. பாதுகாப்பு என்று நம்பி அலையாத்திக் காட்டுக்குள் கட்டிவைத்த படகுகளும் நொறுங்கின.

நம் கடலின் காற்று வேறு மாதிரி. இங்கே காற்று வருஷத்துக்கு இரண்டு முறை திசை மாறுகிறது. ஆடியில் மதுரைத் தெருக்களில் புழுதியைக் கிளப்பும் காற்று, தென்மேற்குப் பருவக்காற்று மலைக் கணவாய்கள் வழியே இறங்கி வருவதுதான். அதே காற்று மன்னார் வளைகுடாவில் விழும்போது கடல் கொந்தளிக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வாடை பிறந்ததும் முறை மாறி, பாக் நீரிணைப் பக்கம் கலங்குகிறது. ராமேசுவரம், பாம்பன் மீனவர்களுக்கு இவை இரண்டு தனித்தனிக் கடல்கள். வடக்கே இருப்பது பெண் கடல், தெற்கே இருப்பது ஆண் கடல் என்பார்கள். ஒரு கடல் குமுறும் மாதங்களில் மற்றதில் தொழில் செய்ய அவர்கள் இடம் மாறுகிறார்கள். ஒரே தீவின் இரு பக்கமும் காற்றுக்குத் தக்க வீட்டை மாற்றிக்கொள்ளும் இந்த அறிவைக் கரீபியனில் படகு வாங்கியவர்கள் பணம் கொடுத்துப் பயிற்சி வகுப்பில் கற்கிறார்கள்.

இருவர் மட்டும் இருக்கும் படகில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று பார்ப்போம். கிளம்பும் நேரத்தைத் தீர்மானிப்பது சேரும் நேரம். பவளப்பாறை உள்ள இடத்தில் சூரியன் உச்சியில் இருக்கும்போதுதான் நுழைய வேண்டும். அப்போது தண்ணீரின் நிறம் ஆழத்தைச் சொல்லும். கருநீலம் ஆழம், வெளிர்பச்சை மணல், பழுப்பு என்றால் பாறை. சூரியன் சரிந்து எதிரே வந்துவிட்டால் எல்லாம் ஒரே வெள்ளிப் பளபளப்பாகிவிடும், எதுவும் தெரியாது. ஒருவர் முன்நுனியில் நின்று தண்ணீரைப் பார்க்க, இன்னொருவர் பின்னால் சுக்கானைப் பிடிப்பார். 40 அடி நீளப் படகில் காற்றும் எந்திரமும் சேர்ந்து இரைய, முன்னால் கத்துவது பின்னால் கேட்காது. தம்பதிகளுக்குள் பெரிய சண்டைகள் நங்கூரம் போடும்போதுதான் வரும் என்று படகுக்காரர்கள் எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள். தீர்வு மிக எளியது. முன்கூட்டியே கைச்சைகை பேசி வைத்துக்கொள்வது: இடம், வலம், மெதுவாக, நிறுத்து, பின்னால் வா. பேச்சே வேண்டாம்.

நங்கூரத்தைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு. அதன் எடைதான் படகைப் பிடிக்கிறது என்பது பாதிதான் உண்மை. நங்கூரத்தின் கொழு மணலில் புதைந்து பிடிக்க வேண்டுமானால் இழுப்பு தரையோடு தரையாக வர வேண்டும். அதற்குச் சங்கிலி நீளமாகக் கிடக்க வேண்டும். கடலின் ஆழமும் படகு நுனியின் உயரமும் சேர்ந்து 10 மீட்டர் என்றால், குறைந்தது 50 மீட்டர் சங்கிலி; காற்று கூடினால் 70. போட்டதும் எந்திரத்தைப் பின்னோக்கி இயக்கி இழுத்துப் பார்ப்பார்கள். பிறகு ஒருவர் தண்ணீரில் குதித்து, நங்கூரம் உண்மையிலேயே புதைந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்து வருவார். அப்படிப் பார்த்த பிறகுதான் அன்றைய இரவு தூக்கம்.

தண்ணீர்க் கணக்கு மதுரைக்காரர்களுக்கு உடனே புரியும். படகின் தொட்டியில் சில நூறு லிட்டர்தான் பிடிக்கும். பாத்திரம் கழுவுவது, குளிப்பது பெரும்பாலும் கடல் நீரில். கடைசியாக ஒரு செம்பு நல்ல தண்ணீர். வசதி உள்ளவர்கள் கடல்நீரை உயர் அழுத்தத்தில் சவ்வு வழியாகத் தள்ளி உப்பைப் பிரிக்கும் சிறு கருவி வைத்திருக்கிறார்கள். நம் வீடுகளில் உள்ள ஆர்ஓ கருவியின் தத்துவம்தான். அழுத்தம் மட்டும் பல மடங்கு. அதற்கும், குளிர்பெட்டிக்கும், விளக்குக்கும் மின்சாரம் மேல்தளச் சூரியத் தகடுகளிலிருந்து வருகிறது. மேகமூட்டமான வாரத்தில் எதை அணைப்பது என்று இருவரும் பேசி முடிவெடுக்க வேண்டும். மருந்துப்பெட்டி தனி விஷயம். அதற்குப் பிறகு வருகிறேன்.

இரவுக்கு வருவோம். பக்கத்துத் தீவுக்குப் போக இரவுப் பயணம் தேவைப்படுவதில்லை. பெருங்கடலைக் கடக்கும்போதுதான் இருவர் என்பது எவ்வளவு சிறிய எண்ணிக்கை என்று தெரியும். இதற்கு நம்மிடமே சமீபத்திய, முழுமையான எடுத்துக்காட்டு இருக்கிறது. இந்தியக் கடற்படையின் தாரிணி 56 அடிப் பாய்மரப் படகு. டச்சு வடிவமைப்பில் கோவாவில் கட்டப்பட்டு 2017இல் கடற்படையில் சேர்ந்தது. 2017 செப்டம்பரில் வர்திகா ஜோஷி தலைமையில் 6 பெண் அதிகாரிகள் அதில் உலகைச் சுற்றப் புறப்பட்டு, 254 நாட்களில் திரும்பினார்கள். அடுத்த பயணத்துக்குக் கடற்படை இன்னும் கடினமான ஒன்றைத் தேர்ந்தெடுத்தது: இரண்டே பேர். புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா, கோழிக்கோட்டைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னா.

இருவரும் கப்பல் ஓட்டும் பிரிவில் சேர்ந்தவர்கள் அல்லர் என்பதைக் கவனியுங்கள். தில்னா தளவாடப் பிரிவு. ரூபா ஆயுதப் பரிசோதனைப் பிரிவு. பாய்மரத்தைப் பின்னர் கற்றுக்கொண்டவர்கள். முதலில் பெரிய குழுவோடு கேப் டவுன், ரியோ வரை போனார்கள். பிறகு இருவராகக் கோவாவிலிருந்து அந்தமானுக்குப் போய்த் திரும்பினார்கள். அதற்குப் பிறகு மொரீஷியஸ் தீவு. தனியாக நிற்காமல் உலகைச் சுற்றிய முதல் இந்தியரான அபிலாஷ் டோமி அவர்களுக்கு வழிகாட்டி. 2024 அக்டோபர் 2ஆம் தேதி கோவாவிலிருந்து புறப்பட்டு ஆஸ்திரேலியாவின் பிரிமாண்டில், நியூசிலாந்தின் லிட்டில்டன், பால்க்லாந்து தீவுகளின் போர்ட் ஸ்டான்லி, தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் ஆகிய 4 இடங்களில் மட்டும் நின்றார்கள். எல்லா நிலத்திலிருந்தும் மிகத் தொலைவில் உள்ள பசிபிக் கடலின் நீமோ புள்ளியை 2025 ஜனவரி இறுதியில் கடந்து, ஆய்வுக்காக அங்கே கடல்நீரும் எடுத்து வந்தார்கள். பிப்ரவரியில் தென் அமெரிக்காவின் ஹார்ன் முனை. மே 29ஆம் தேதி கோவா. மொத்தம் 8 மாதம், 25,000 கடல் மைலுக்கு மேல், பாயை மட்டுமே நம்பி. எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்தப் படிப்படியான வரிசை. குழுவாக, பிறகு இருவராகப் பக்கத்தில், பிறகு இருவராகத் தூரத்தில், கடைசியில் உலகம். ஒரு படியையும் தாண்டிக் குதிக்கவில்லை.

இருவர் படகில் இரவு முறை வைத்துத்தான் தூங்க வேண்டும். ஒருவர் 3 மணியோ 4 மணியோ காவல், மற்றவர் தூக்கம், பிறகு மாற்றம். சுக்கானைக் கையால் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. மின்சாரத் தானியங்கி, அல்லது காற்றின் திசையைக் கொண்டே சுக்கானைத் திருப்பும் காற்றாடிக் கருவி அதைப் பார்த்துக்கொள்ளும். காவலில் இருப்பவரின் வேலை கண்ணைத் திறந்து வைத்திருப்பது. மணிக்கு 20 கடல் மைலில் வரும் சரக்குக் கப்பல், அடிவானத்தில் விளக்கு தெரிந்ததிலிருந்து அரை மணிக்குள் தலைமேல் வந்து நிற்கலாம். அருகிலுள்ள கப்பல்களின் பெயரையும் திசையையும் திரையில் காட்டும் ஏஐஎஸ் கருவி இப்போது பெரிய துணை. மீன்பிடி வள்ளங்கள் பலவற்றில் அந்தக் கருவி இருக்காது. ஆகவே கருவியை நம்பிக் கண்ணை மூட முடியாது.

இரவுக் காவலுக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. அதை மீறுகிற படகுக்காரர்களை நான் மதிப்பதில்லை. மேலே தனியாக இருப்பவர் மார்பில் பட்டையைக் கட்டி, அதன் கயிற்றைப் படகோடு கொளுவியே இருக்க வேண்டும். மற்றவரை எழுப்பாமல் முன்பக்கம் போகக் கூடாது. கீழே தூங்குகிறவர் எழுந்து பார்க்கும்போது மேலே ஆள் இல்லை என்றால், எப்போது விழுந்தார், எந்த இடத்தில் விழுந்தார் என்று யாருக்கும் தெரியாது. இருட்டில், அலையில், ஒரு தலையைத் தேடிக் கண்டுபிடிப்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம்.

மருந்துப்பெட்டியைச் சொல்லாமல் விட்டேன். அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் 1928 முதல் 1931 வரை ஸ்வாப் என்ற 32 அடிப் படகில் உலகைச் சுற்றியவர். பிறகு திருமணமாகி, மனைவி புளோரன்ஸோடு அதே படகில் காலாபகோஸ் தீவுகளுக்குப் போனார். 1934இல் அங்கே அவருக்குக் குடல்வால் வெடித்தது. அமெரிக்கக் கடற்படை பனாமாவிலிருந்து வந்து அவரைக் காப்பாற்றியது. அப்படியொரு உதவி எல்லோருக்கும் வராது. இன்றைக்குத் தூரப் பயணம் போகும் தம்பதிகள் முதலுதவியை முறையாகப் படித்து, நோய்க்கிருமிக்கு எதிரான மருந்துகளையும், தையல் போடும் கருவிகளையும் மருத்துவர் ஆலோசனையோடு எடுத்துப் போகிறார்கள். செயற்கைக்கோள் தொலைபேசியில் கரையில் உள்ள மருத்துவரைக் கேட்கவும் முடிகிறது.

ராபின்சன் கதையில் நம் பங்கு இனிமேல்தான் வருகிறது. உலகமெல்லாம் மரக்கலங்களைப் பார்த்திருந்த அந்த மனிதர் விரும்பி வாங்கியது, யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் தமிழ் ஓடாவிகள் கட்டிய அன்னபூரணி என்ற, இரண்டு பாய்மரங்கள் கொண்ட கப்பல். சுமார் 90 அடி நீளம். மனைவியின் பெயரை அதற்குச் சூட்டினார். அதை அமெரிக்காவுக்கு ஓட்டிப் போனவர்களில் தண்டல் (நாட்டுக்கப்பல் தலைவர்) கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் அவரோடு வல்வெட்டித்துறை மாலுமிகளும் இருந்தார்கள். செங்கடல், சூயஸ், மத்தியதரைக் கடல், ஜிப்ரால்டர், அட்லாண்டிக் என்று போய், 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குளோசெஸ்டர் துறைமுகத்தில் நங்கூரமிட்டது. நம் பள்ளிப் பாடங்களில் இந்தப் பயணம் ஒரு பக்கமாவது இடம்பெற்றிருக்க வேண்டும்.

அதற்கும் முன்பே தமிழர்கள் பாய்மரத்தில் கரீபியன் போயிருக்கிறார்கள். விருப்பத்தோடு அல்ல. அடிமை முறை 1848இல் ஒழிந்ததும் பிரெஞ்சுக்காரர்கள் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளைப் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து ஏற்றினார்கள். 1853இல் மார்த்தினிக்குக்கும், 1854இல் குவாதலூப்புக்கும் முதல் கப்பல்கள் போய்ச் சேர்ந்தன. பல மாதப் பயணம், கப்பலின் அடித்தளத்தில். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் போய்விட்டது; தெய்வங்கள் போகவில்லை. அங்கே இன்றும் மாரியம்மனோடு மால்தெவிலென் என்ற பெயரில் வணங்கப்படுபவர் நம் மதுரை வீரன்தான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். கடலைப் பத்திரமாகக் கடக்க வைத்ததற்கு நன்றியாக நாகூர் ஆண்டவருக்குக் கொடிமரம் ஏற்றும் வழக்கமும் உண்டு. மீனாட்சியம்மன் கோயில் கிழக்கு வாசலில் மதுரை வீரன் சன்னிதியைக் கடந்து போகிறவர்கள், அதே தெய்வத்துக்கு அட்லாண்டிக்குக்கு அப்பால் ஒரு தீவில் பூசை நடக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளலாம். பாய்மரப் படகில் அந்தத் தீவுகளுக்கிடையே உல்லாசமாகப் போகும் காணொளிகளில் இந்த வரலாறு வருவதே இல்லை.

இனி நம் கேள்வி: ராமேசுவரத்திலிருந்து போக முடியுமா? தூரம் ஒரு தடையே இல்லை. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் கரீபியனில் இரண்டு தீவுகளுக்கு இடையே உள்ள தூரம்தான். 1914 முதல் 1964 டிசம்பர் புயல்வரை ரயிலில் வந்தவர்கள் தனுஷ்கோடியில் கப்பல் ஏறி அக்கரை போனார்கள். தடை வேறு இரண்டு. ஒன்று ஆழம். பாய்மரப் படகின் அடிப்பாரம் சுமார் 2 மீட்டர் தண்ணீருக்குள் நிற்கும். ராமர் பாலம் என்று சொல்லும் மணல்திட்டுத் தொடரில் பல இடங்களில் அந்த ஆழம்கூடக் கிடையாது. அந்தத் திட்டுகளுக்கு நடுவே வழி தோண்டும் சேதுசமுத்திரத் திட்டத்தை 2005 ஜூலை 2ஆம் தேதி பிரதமர் மன்மோகன் சிங் தொடங்கிவைத்தது இதே மதுரையில்தான். வழக்குகளில் சிக்கி அந்த வேலை நின்றுபோனது.

இன்னொன்று எல்லை. கரீபியனிலும் தீவுகள் பல வெவ்வேறு நாடுகளைச் சேர்ந்தவை. போய்ச் சேர்ந்ததும் மஞ்சள் கொடியை ஏற்றிக்கொண்டு, படகுத்தலைவர் மட்டும் கரையேறி, குடிநுழைவு அலுவலகத்திலும் சுங்கத்திலும் கடவுச்சீட்டுகளையும் படகுப் பதிவையும் காட்டி முத்திரை வாங்க வேண்டும். பிறகு மஞ்சள் கொடியை இறக்கி அந்த நாட்டுக் கொடியை ஏற்றலாம். கிளம்பும்போது மறுபடியும் முத்திரை. அலுப்பான வேலை, ஆனால் ஒரு காலையில் முடிந்துவிடும். இந்தியாவில் வெளிநாட்டுக்குப் போகவும் வரவும் அங்கீகரிக்கப்பட்ட துறைமுகங்கள் வழியாகத்தான் படகு கணக்குக்காட்ட முடியும். பாம்பனிலிருந்து நினைத்தபடி பாய் விரித்துத் தலைமன்னார் போனால் அது எல்லை மீறல். 1974, 1976 ஒப்பந்தங்களில் வரைந்த கடல் எல்லையில் நம் மீனவர்கள் படும் பாடு மதுரையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கிய பயணிகள் கப்பலே இப்போது முறையான வழி.

நம் பக்கத்துத் தீவுகளுக்குப் போகலாமே என்றால், ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அனுமதியின்றி இறங்கக் கூடாது. பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததன் விளைவாக அவற்றில் இரண்டு தீவுகள் ஏற்கெனவே கடலுக்குள் அமிழ்ந்துவிட்டன. ஆகவே இந்தக் கட்டுப்பாடு நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆனால் அதன் சுமை முதலில் விழுந்தது வசதியுள்ள படகுக்காரர்கள்மேல் அல்ல. சின்னப்பாலம், பாரதிநகர்ப் பெண்கள் தலைமுறைகளாக வள்ளத்தில் இந்தத் தீவுகளுக்குப் போய், கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்து மூழ்கிக் கடற்பாசி எடுப்பவர்கள். அவர்களுடைய பிழைப்பில்தான் கை வைக்கப்பட்டது. மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது என்று வரையறை வைத்துக்கொண்டு, பாசி மீண்டும் வளர இடம்விட்டே அவர்கள் தொழில் செய்கிறார்கள். சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு அதற்காக 2015இல் சீகாலஜி என்ற சர்வதேச அமைப்பு விருது கொடுத்தது. தீவுகளையும் காற்றையும் நீரோட்டத்தையும் நெருக்கமாக அறிந்தவர்கள் யார் என்று கேட்டால் நான் முதலில் கைகாட்டுவது இந்தப் பெண்களைத்தான்.

படகு வாங்கி உலகம் சுற்றும் ஆசை உள்ள இளைஞர்கள் மதுரையிலும் இருக்கிறீர்கள். முதலில் நீச்சல் கற்றுக்கொள்ளுங்கள். உடையோடும் காலணியோடும் நீந்திப் பழகுங்கள். 1911இல் தொடங்கிய சென்னை ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பிலும், சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் கோவாவில் இயங்கும் தேசிய நீர்விளையாட்டு நிறுவனத்திலும் சிறு படகிலிருந்து பயிற்சியைத் தொடங்கலாம். டோக்கியோ ஒலிம்பிக்கில் பாய்மரப் போட்டிக்குப் போன நேத்ரா குமணனும் சென்னைக் கடலில் சிறு படகில் கற்றவர்தான். அடுத்து ஒரு முழு வருஷம், தினமும் காற்று எந்தத் திசையிலிருந்து எவ்வளவு வேகத்தில் அடிக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அனுமதி இல்லாமல் மீன்பிடி வள்ளத்தை வாடகைக்குப் பேசித் தீவுக்குப் போகாதீர்கள்; பிடிபட்டால் பறிபோவது அந்த மீனவரின் பிழைப்பு. பாம்பன் கரையில் வயதான ஒரு தண்டலைச் சந்தித்தால், எந்த மாதத்தில் எந்தக் கடலில் இறங்கக் கூடாது என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பட்டறிந்தவர்கள் தரும் அந்தத் தகவலுக்குப் பிறகு படகின் விலையை விசாரிக்கலாம்.